இரண்டரை மணிப் பேருந்தும் எங்கள் பள்ளியின் தேர்ச்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டப்புறச் சிற்றூர்களில் உள்ள இடைநிலைப்பள்ளிகளின் எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) தேர்ச்சி குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளிவந்த கடிதம் ஒன்றைப் படித்தேன். ஆண்டுக்கு ஆண்டு பின்தங்கும் பள்ளிகளின் முதல்வர்களை மாற்ற வேண்டும் என்றும், அதற்கும் பலன் இல்லையேல் அமெரிக்காவில் அரசு நிதியில் தனி நிருவாகங்கள் சார்ட்டர் பள்ளிகளை நடத்துவதுபோல அவற்றை அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். அவர் சுட்டும் வகையான பள்ளி ஒன்றில்தான் என் மூத்த மகன் படித்து முடித்தான். மகள் இப்போது நான்காம் படிவத்தில், அதாவது இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டில், இருக்கிறாள். பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் நானும் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். ஆகவே, பள்ளியின் உள்ளே இருந்து பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விழைகிறேன்.

எங்கள் ஊர் பேரா மாநிலத்தின் தெலுக் இந்தான் வட்டாரத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. இரண்டு வரிசைக் கடைகள், ஒரு மாரியம்மன் கோவில், ஒரு சீனர் கோவில், ஒரு பள்ளிவாசல், ஓர் அஞ்சலகம், அப்புறம் இந்த இடைநிலைப்பள்ளி. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் (மலாய்ச் சிற்றூர்களிலும்) உள்ள பிள்ளைகள் அனைவருக்கும் இதுவே பள்ளி. வசதியுள்ள குடும்பத்தார் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மதிப்பெண் மிகுந்த சிலர் விடுதிப் பள்ளிகளுக்குத் தேர்வாகிப் போய்விடுகிறார்கள். அவர்கள் போன பின் எஞ்சியிருப்பவர்களைக் கொண்டுதான் எங்கள் ஆசிரியர்கள் ஐந்தாண்டு முடிவில் தேர்ச்சி காட்ட வேண்டியிருக்கிறது.

அப்பிள்ளைகள் எந்த நிலையில் உள்ளே வருகிறார்கள் என்பதைப் பட்டணத்தில் இருப்போர் பெரும்பாலும் அறியார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் பயின்றவர்கள், பதின்மூன்றாம் வயதில் திடீரென எல்லாப் பாடங்களையும் மலாய்மொழியில் எதிர்கொள்கிறார்கள். மலாயில் போதிய அடைவுநிலை இல்லாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு முதலாம் படிவம் செல்வார்கள். எல்லைக்கோட்டில் தப்பியவர்கள் நேராகச் சென்று தத்தளிப்பார்கள். பின்னம் என்றால் என்னவென்று தெளிவாகத் தெரிந்த பிள்ளை, வினாத்தாளில் 'பெச்சாஹான்' என்ற சொல்லைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்துவிடுகிறது. கணக்குத் தெரியாத பிள்ளை என்று அதற்குப் பெயர் விழுந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு என் தங்கை மகனின் மலாய்க் கட்டுரை ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'பாச்சா' என்பது வேர்ச்சொல். முன்னால் 'மெம்' சேர்ந்தால் ஒருவர் படிக்கிறார் என்றாகும். 'டி' சேர்ந்தால் ஒன்று படிக்கப்படுகிறது என்றாகும். தமிழில் இந்த வேறுபாட்டை வினைச்சொல்லின் பின்னால் சேர்த்துப் பழகியவன் அவன். மலாயில் அது முன்னால் வந்து நிற்கிறது. ஒரு பக்கக் கட்டுரையில் அவனுடைய ஆசிரியை சிவப்பு மையால் சுழித்த இடங்களில் பெரும்பாலானவை இந்த முன்னொட்டுகளே. சொல்ல வந்த செய்தி நன்றாக இருந்தது. ஆற்றில் வெள்ளம் வந்து தோட்டத்துப் பாலம் மூழ்கியதை, தன் தாத்தா கோழிக்கூண்டைத் தலையில் சுமந்து வந்ததை எழுதியிருந்தான். ஏட்டின் அடியில் ஆசிரியை, வகுப்பு முடிந்த பின் தன்னை வந்து பார்க்கும்படி மலாயில் குறித்திருந்தார். போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். "பஸ் போயிடும் மாமா" என்றான்.

என் கடிதத்தின் பொருளே அந்தப் பேருந்துதான். எங்கள் பள்ளியில் பாடவேளை பிற்பகல் 2.20-க்கு முடிகிறது. பேருந்து 2.30-க்குப் புறப்பட்டுவிடும். மூன்று தோட்டங்களைச் சுற்றிக் கடைசித் தோட்டத்தை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் ஒரே பேருந்து அது. அதை விட்டால் அடுத்தது கிடையாது. வரலாற்று ஆசிரியர் ஐந்தாம் படிவத்தாருக்கு வாரத்தில் இரண்டு நாள் 2.45 முதல் கூடுதல் வகுப்பு நடத்துகிறார். ஒரு காசு வாங்குவதில்லை. ஒருமுறை சங்க வேலையாகப் பள்ளிக்குப் போனபோது அந்த வகுப்பு தொடங்குவதற்குச் சற்று முன் வாசலில் நின்றிருந்தேன். ஊருக்குள் குடியிருக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து ஏட்டைத் திறந்தார்கள். ஆசிரியர் சற்று முன்னதாகவே வந்து குறிப்புகளை வெண்பலகையில் எழுதத் தொடங்கியிருந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் புத்தகப்பையைத் தோளில் மாட்டியபடியே பின்வரிசை மேசைகளில் குனிந்து நின்று, ஆசிரியர் எழுத எழுதப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே பேருந்து ஓட்டுநர் ஒலியெழுப்பினார். எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்காமலேயே ஓடினார்கள். ஒரு பெண் மட்டும் படிக்கட்டுவரை போய்த் திரும்பி வந்து, பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினாள். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக்கூடாது என்பது விதி. ஆசிரியர் அதைப் பார்த்தும் பாராதவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதை வாசகர்கள் அறிவார்கள். வரலாறு கட்டாயத் தேர்ச்சிப் பாடமானது 2013-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து. வரலாற்று வினாக்களுக்கும் மலாயிலேயே விடை எழுத வேண்டும். ஆக, மொழியில் தடுமாறும் பிள்ளைக்கு ஒரே குறை இரண்டு இடத்தில் வந்து கதவை அடைக்கிறது. மற்றப் பாடங்களில் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் அது செல்லாது. மறுதேர்வு எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் பதினெட்டு வயதில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்ட பையன் மீண்டும் பேனாவைப் பிடிப்பது எவ்வளவு அரிது என்பதை நான் வேலை செய்யும் ஆலையிலேயே பார்த்து வருகிறேன்.

முன்பெல்லாம் இந்தத் தடுமாற்றம் வழியிலேயே தெரிந்துவிடும். தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டன. சிறு பிள்ளைகளைத் தேர்வுப் பயத்திலிருந்து விடுவித்தது நல்ல முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் இன்று ஐந்தாம் படிவத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வாழ்க்கையில் சந்திக்கும் முதல் பொதுத்தேர்வே எஸ்.பி.எம். தான். பள்ளி அளவிலான மதிப்பீட்டு அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் பெற்றோருக்கு மகன் எங்கே நிற்கிறான் என்பது தெரியும். அதிகாலையில் செம்பனைக் குலை வெட்டப் போய், மாலையில் களைத்துத் திரும்பும் தோட்டத்துத் தகப்பனுக்கு அது தெரிவதில்லை. போதாக்குறைக்கு, 2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலால் இயக்கக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, இப்போதைய மாணவர்கள் தொடக்கப்பள்ளியில் எழுதப் படிக்கப் பழகிக்கொண்டிருந்த வயது. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி; அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்த நாள்களில் விட்டுப்போனதை அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நிலையில் பள்ளிகளை எதைக் கொண்டு எடை போடுகிறோம்? பள்ளிச் சராசரித் தேர்ச்சி என்ற ஓர் எண் இருக்கிறது. ஏ+ பெற்றால் 0, ஏ பெற்றால் 1, ஏ- பெற்றால் 2 என்று ஏறிக்கொண்டே போய், தேர்ச்சியின் கடைசிப் படியான இ-க்கு 8, தோல்வியைக் குறிக்கும் ஜி-க்கு 9. எண் குறையக் குறையத் தேர்ச்சி உயர்ந்ததாகக் கொள்ள வேண்டும். நாடு தழுவிய சராசரி 2023-ஆம் ஆண்டுத் தேர்வில் 4.60 ஆக இருந்து 2024-இல் 4.49 ஆகக் குறைந்தபோது நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதும்தான். ஆனால் இந்தக் கணக்கை எங்கள் பள்ளியில் வைத்துப் பாருங்கள். வரலாற்றில் ஜி வாங்கியிருக்க வேண்டிய மாணவன் ஒருவனை ஓராண்டு முழுவதும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து ஓர் ஆசிரியர் இ வாங்க வைத்தால், பள்ளியின் கணக்கில் அசைவது ஒரே ஒரு புள்ளி. பட்டணத்துப் பள்ளியில் ஏ- வாங்கக்கூடிய மாணவன் கட்டணப் பயிற்சிக்குப் போய் ஏ+ வாங்கினால் அசைவது இரண்டு புள்ளி. முந்தைய மாணவனுக்கோ அந்த ஒரு புள்ளிதான் சான்றிதழ். அதைக் கையில் வைத்திருந்தால்தான் பாலிடெக்னிக்கோ பெரும்பாலான அரசு வேலைகளோ கேட்டுப் படியேற முடியும். இதைச் செய்து காட்டிய ஆசிரியரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. முதலாம் படிவத்தில் நுழைந்த நாளில் பிள்ளைகள் எங்கே நின்றார்கள், ஐந்தாண்டில் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதையும் மாவட்டக் கல்வி அலுவலகம் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினால், முதல்வரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு இவ்வளவு எளிதாக எழாது.

சார்ட்டர் பள்ளி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரசு நிதியில் இயங்கினாலும் தனி நிருவாகத்தின் கீழ் நடக்கும் அப்பள்ளிகளுக்கு முதன்முதலில் சட்டம் இயற்றியது மின்னசோட்டா மாநிலம், 1991-இல். ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட அடைவுநிலையை எட்டாவிட்டால் உரிமம் பறிபோகும் என்பது அதன் அடிப்படை. நம் நாட்டிலும் அதற்கு நெருங்கிய முயற்சி ஒன்று நடந்தது. யாயாசான் அமீர் அறக்கட்டளை கல்வி அமைச்சுடன் சேர்ந்து 2011-இல் ஜொகூரிலும் சரவாக்கிலும் 10 பள்ளிகளில் அறக்கட்டளைப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளிடையே பெயர் பெற்ற கிப் (KIPP) என்ற சார்ட்டர் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் ஹூஸ்டனில் இரண்டு இளம் ஆசிரியர்கள் தொடங்கியது அது. காலை ஏழரை மணி முதல் மாலை ஐந்து மணி வரை பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருந்ததே அவர்களுடைய முறையின் உயிர்நாடி. பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதை அவர்கள் முதலிலேயே கண்டுகொண்டார்கள். அதே அமெரிக்காவில் பல மாநிலங்களில் சார்ட்டர் பள்ளிகள் பிள்ளைகளுக்குப் பேருந்து ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வாகன வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் அதனாலேயே சேர முடியாமல் போவதும் உண்டு. எங்கள் பள்ளியை நாளையே எந்த அறக்கட்டளையிடம் கொடுத்தாலும், எவ்வளவு திறமையான முதல்வரை அமர்த்தினாலும், 2.30-க்குப் பேருந்து போய்விடும்.

பேருந்து ஏன் ஒன்றே ஒன்றாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. நான் தோட்டத்தில் பிறந்தவன். என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். நான் இடைநிலைப்பள்ளியில் படித்த எண்பதுகளில் லயத்துக்கு லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைதோறும்) பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். தோட்ட நிருவாகமே லாரி விட்டது. காலையில் எங்களைக் கொண்டுவந்து விடும் லாரி, மாலையில் ஆலையில் வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஐந்து மணிக்குத்தான் பள்ளி வழியாகத் திரும்பும். அதுவரை எங்களுக்குப் போக்கிடம் இல்லை. நூலகத்தில் உட்காருவோம், ஆசிரியர் அறை வாசலில் சந்தேகம் கேட்போம், மலாய் ஆசிரியர் ஒருவர் எங்களுக்காகவே நாளிதழை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். 1989-இல் நான் மலாயில் தேர்ச்சி பெற்றதற்கு அந்த லாரியின் தாமதமே காரணம் என்று இன்றும் என் மனைவியிடம் சொல்வேன். பிறகு பால்மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன, வெட்டு வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். இப்போது ஒவ்வொரு தோட்டத்திலும் எஞ்சியிருப்பவை சில குடும்பங்களே. ஒரு தோட்டத்துப் பிள்ளைகளை மட்டும் நம்பி எந்த உரிமையாளரும் பேருந்து ஓட்ட முடியாது. ஆகவே மூன்று தோட்டங்களைச் சேர்த்து ஒரே நடை. பேருந்து உரிமையாளரிடம் பேசியிருக்கிறேன். அவர்மீது குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எண்ணெய்ச் செலவும் ஓட்டுநர் சம்பளமும் உறுதியானால் மாலையில் இன்னொரு நடை ஓட்டுவதாகச் சொல்கிறார்.

தனியாக வேன் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட் ஆகியிருக்கிறது. இரண்டு மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீட்டில் அதிலிருந்து இரண்டாவது போக்குவரத்துச் செலவை எடுக்க முடியாது. மாலை ஐந்தரைக்கு மேல் செம்பனைக் காட்டுக்குள் போகும் மண்சாலையில் பெண் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் தனியே விடவும் யாருக்கும் மனம் வராது. சாப்பாட்டுப் பிரச்சினையும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் இருந்தவரை ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கூடுதல் உணவுத் திட்டம் இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் நின்றுபோகிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து வந்த பிள்ளையை நாலரை மணிவரை வெறும் வயிற்றோடு உட்காரவைத்து வரலாறு படிக்கச் சொல்வது எந்த வகையிலும் நியாயமாகாது.

தமிழ்மொழிப் பாடத்துக்கும் இதே கதிதான். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்ய 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் கொடுக்கிறது. நாங்கள் கையெழுத்துத் திரட்டிக் கொடுத்தோம், பள்ளியும் மறுக்கவில்லை. ஆனால் கால அட்டவணையில் இடமில்லை என்று வகுப்பைப் பாடவேளைக்குப் பின்னால் வைத்தார்கள். தமிழில் எளிதாக நல்ல தேர்ச்சி பெற்று மனத்தெம்பு அடைய வேண்டிய தோட்டத்துப் பிள்ளைகள், தங்கள் சொந்த மொழிப் பாடத்தை விட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறார்கள். ஊருக்குள் இருக்கும் பிள்ளைகள் மட்டும் படிக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ஆசிரியர்கள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவதும் எங்களுக்குப் பெரிய இழப்பு. புதிதாக வந்த கணித ஆசிரியை பிள்ளைகளின் பெயர்களைப் பழகிக்கொள்ளும் நேரத்தில் சொந்த மாநிலத்துக்குப் போகிறார். அவருக்கும் கணவர் பிள்ளைகள் உண்டு, குறை சொல்ல முடியாது. அதை நாங்கள் தீர்க்க முடியாது. பேருந்தைத் தீர்க்க முடியும் என்பதால்தான் அதையே பற்றிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கக்கல்வி 2003-இல் கட்டாயமாயிற்று. இடைநிலைக்கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரைச் சட்டம் கேள்வி கேட்கும் காலம் வந்திருக்கிறது, நல்லது. பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை அங்கே படிப்பதற்கு வேண்டிய நேரத்தைப் பெறுகிறதா என்பதையும் அதே சட்டத்தை இயற்றியவர்கள் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே முதலாளி பள்ளிக்கூடம் வைத்துத் தரவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே விதித்திருந்தது. அந்தத் தோட்டங்கள் கைமாறிவிட்டன. பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எனவே தோட்ட நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது சலுகை என்று நான் கருதவில்லை.

திங்கள் முதல் புதன் வரை, வாரத்தில் மூன்று நாள், மாலை 4.30-க்கு இரண்டாவது நடை ஒன்று வேண்டும். எண்ணெய்ச் செலவில் ஒரு பங்கை மூன்று தோட்டங்களும், ஒரு பங்கைச் சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடும் ஏற்றால், எஞ்சியதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டிவிடும். மாரியம்மன் கோவில் நிருவாகத்தினர் அந்த மூன்று நாளும் மதிய உணவு சமைத்துத் தர முன்வந்திருக்கிறார்கள். எல்லா இனப் பிள்ளைகளும் உண்ணும்படி மரக்கறி உணவாக, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலேயே சமைப்பதற்குப் பள்ளியின் ஒப்புதலைக் கேட்டிருக்கிறோம். தமிழ் வகுப்பைக் கால அட்டவணைக்குள் கொண்டுவர முடியாதவரை அதையும் அந்த நாள்களில் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழாசிரியை இசைந்திருக்கிறார். வரலாற்று ஆசிரியரோ, தாம் எப்படியும் ஐந்து மணிவரை பள்ளியில்தான் இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

மூன்று தோட்ட அலுவலகங்களுக்கும் கடிதம் கொடுத்துவிட்டோம். ஒன்றிலிருந்து நேரில் வந்து பேசும்படி அழைப்பு வந்திருக்கிறது. மற்ற இரண்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. இதுபோன்ற மாலைப் பேருந்தை வேறு தோட்டப்புற ஊர்களில் யாரேனும் ஏற்பாடு செய்து நடத்தி வந்தால், செலவை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள், காப்புறுதியை யார் பெயரில் எடுத்தார்கள் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு முன்பாகக் கிடைத்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
செம்பனை ஆலை எழுத்தர், ஒரு பெற்றோர்,
தெலுக் இந்தான் வட்டாரம், பேரா